கொத்காவில் ஒரு துட்டிக் காப்பி

எங்கள் அலுவலகத்தில் காப்பி எப்போதும் இருக்கும். 'காப்பி குடிக்கிறீங்களா?' என்று கேட்கத்தான் ஆள் கிடையாது. காலையில் முதலில் வருகிறவர் இயந்திரத்தில் தண்ணீரும் பொடியும் போட்டு விசையைத் தட்டிவிட்டுப் போவார். கண்ணாடிக் குடுவையில் அது சொட்டிச் சொட்டி நிறையும். பிறகு அவரவர் கோப்பையை எடுத்து, ஊற்றி, குடித்து, கழுவி, அதே கொக்கியில் மாட்டிவிட வேண்டும். வந்த புதிதில் ஒருநாள் எனக்கு ஊற்றும்போது பக்கத்தில் நின்றவரின் கோப்பையிலும் சேர்த்து ஊற்றிவிட்டேன். அவர் நன்றி சொன்னார். ஆனால் தன் சட்டைப்பைக்குள் யாரோ கையை விட்டதுபோல் ஒரு திகைப்பு அவர் முகத்தில் தெரிந்தது. அதற்குப் பிறகு நான் யாருக்கும் ஊற்றவில்லை. எனக்கும் யாரும் ஊற்றவில்லை.

பின்லாந்தின் தென்கரையில் இருக்கிற சின்னத் துறைமுக ஊர் கொத்கா. இங்கே வந்து போகும் கப்பல்களுக்கு வேண்டிய காரியங்களை முடித்துக்கொடுக்கும் ஏஜென்சி ஒன்றில் எனக்கு வேலை. மாலுமிகளை ஏற்றுவது, இறக்குவது, மருத்துவரிடம் கூட்டிப் போவது, டிக்கெட் எடுப்பது, எல்லைக் காவலர்களிடம் தாள்களைக் காட்டுவது என்று ஓடும். தூத்துக்குடியிலும் இதையேதான் செய்துகொண்டிருந்தேன். அங்கே மின்விசிறிக் காற்றில் காகிதங்கள் பறக்காமல் இருக்க மேலே பேப்பர் வெயிட்டை வைப்போம். இங்கே ஜன்னலையே திறக்க முடியாது. வேலை ஒன்றுதான், நான்தான் இரண்டு ஆளாகிவிட்டேன் என்று தோன்றும். மனைவியும் மகளும் ஒரு வருடம் என்னோடு இருந்து பார்த்தார்கள். மத்தியானத்திலேயே இருட்டிவிடுகிற ஊரில் மகளுக்குப் படிப்பும் ஓடவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை. இருவரும் திரும்பிப் போய்விட்டார்கள். நான் மட்டும் தங்கிவிட்டேன்.

அந்த முதல் தனிக் குளிர்காலத்தில்தான் அலுவலகக் கிச்சனில் என்னுடைய கைவேலை தொடங்கியது. இங்கே காப்பிக்கொட்டையை லேசாகத்தான் வறுப்பார்கள். வடித்தால் டீ நிறத்தில், புளிப்பாக வரும். நாக்குக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. கிச்சன் அலமாரியைத் திறந்து பார்த்தேன். உணவகத்திலிருந்து வந்த உப்பு, மிளகுப் பொட்டலங்கள் ஒரு டப்பாவில் கிடந்தன. தக்காளி சூப் பொடி இருந்தது. ஓட்ஸ் கஞ்சியில் ஊற்றிக்கொள்ள 'சீரப்பி' என்று ஒரு கறுத்த பாகை பாட்டிலில் வைத்திருந்தார்கள். முதன்முதலாக அதை விரலில் தொட்டு நக்கியபோது உடம்பு ஒரு நொடி நின்றுவிட்டது. அச்சாகக் கருப்பட்டி இல்லை, ஆனால் கருப்பட்டிக்குத் தூரத்துச் சொந்தம். கிறிஸ்துமஸ் சமயத்தில் 'பிப்பர்காக்கு' என்று இஞ்சியும் கிராம்பும் போட்ட மெல்லிய பிஸ்கட் டின் டின்னாக வரும். அதை வெந்நீரில் ஊறப்போட்டு வடிகட்டினால் சுக்கு வாசம் வந்துவிடும். தக்காளி சூப்பை நீர்க்கக் கரைத்து எலுமிச்சை பிழிந்து மிளகைத் தூவினால் ரசம் என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லிக்கொள்வதற்குத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

அடுத்த மேசையில் மர்யத்தா என்று ஒரு பெண்மணி. என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். அந்தப் பெயரை முதலில் கேட்டபோது 'மரியாதை' என்றே என் காதில் விழுந்தது, ஆளும் அப்படித்தான். ஒருநாள் நான் காப்பியில் மிளகுப்பொடி போடுவதைப் பார்த்துவிட்டு, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். "உடம்புக்கு ஒன்றுமில்லை, குளிர்கிறது" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். மறுநாள் கட்டடப் பராமரிப்பு ஆள் வந்து என் மேசைக்குப் பின்னால் இருந்த வெப்பப் பெட்டியைக் கழற்றிச் சரிபார்த்தான். அறை அடுப்பங்கரை மாதிரி ஆகிவிட்டது. நான் சொன்ன குளிர் அது இல்லை என்பதை எந்த மொழியில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

தூத்துக்குடி அலுவலகத்தில் தனியாக டீ குடித்ததாக எனக்கு நினைவே இல்லை. கடைக்கார அண்ணாச்சி கம்பித் தூக்கில் கிளாஸ்களை அடுக்கிக்கொண்டு படியேறி வரும்போதே பேச்சு ஆரம்பித்துவிடும். வெளியாள் யாராவது உட்கார்ந்திருந்தால் ஒரு டீயை இரண்டு கிளாஸில் ஆற்றிப் பங்கு போடுவோம். சுங்கத்துறை பற்றி, கப்பல் தாமதம் பற்றி, பக்கத்து மேசைக்காரனின் மாமியார் பற்றி எல்லாம் அந்த அரை கிளாஸ் டீக்குள் பேசி முடித்துவிடுவோம். அப்போது அது தொந்தரவாகக்கூட இருந்தது. 'கொஞ்சம் தனியா விடுங்களேம்ப்பா' என்று நானே எத்தனையோ முறை அலுத்துக்கொண்டிருக்கிறேன். கேட்டது இப்போது கிடைத்திருக்கிறது.

அப்பா இறந்த செய்தி எனக்கு இந்த அலுவலகத்தில் வைத்துத்தான் வந்தது. அண்ணன் போனில் சொன்னான். "நீ கெளம்பி வந்து சேருததுக்குள்ள காரியம் முடிஞ்சிரும்ல. பதினாறுக்கு வா." மேலாளரிடம் சொன்னேன். உடனே விடுப்புக் கொடுத்தார்கள். எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். நான் நடந்து வந்தபோது வழிவிட்டு ஒதுங்கினார்கள். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். யாரும் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டைத் துட்டி வீடு என்போம். அந்த வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டிலிருந்து பெரிய போணியில் கடுங்காப்பி வரும். பால் கிடையாது. கருப்பட்டியும் சுக்கும் போட்டு, கறுகறுவென்று, நாக்கைச் சுடுகிற பதத்தில் இருக்கும். அழுதுகொண்டிருக்கிறவரின் கையைப் பிடித்து டம்ளரை வைத்து, "ஒரு வாய் குடி, அழுவதுக்குத் தெம்பு வேண்டாமா?" என்பார்கள். அன்று என் வீட்டில் நானே எழுந்து தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். பொடியைப் போட்டேன். குடிக்க முடியவில்லை. ருசி ஒரு காரணமில்லை. துட்டிக் காப்பியை அடுத்த வீட்டார்தான் கொண்டு வரவேண்டும், தனக்குத் தானே போட்டுக்கொள்ள முடியாது என்று கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் புரிந்தது. பதினாறாம் நாளுக்கு ஊருக்குப் போனேன். எல்லோரும் அழுது முடித்திருந்தார்கள். பந்தியில் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் குளிர்காலத்தில், தை மாதக் காலை ஒன்றில், காகிதச் சுருள் ஏற்ற வந்த ஒரு கப்பலிலிருந்து மாலுமி ஒருவனை அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். பெயர் ஜெனிஸ்டன், இந்தியன், தாயார் இறந்துவிட்டார், ஊருக்குத் திரும்புவதா கப்பலிலேயே தொடர்வதா என்று அவன்தான் முடிவு சொல்ல வேண்டும் என்று கேப்டன் எழுதியிருந்தார். சாயங்காலம் கப்பல் புறப்படுகிறது. மதியத்துக்குள் தெரிந்தால்தான் மர்யத்தா டிக்கெட் எடுக்க முடியும். அவர் அவனைக் கூட்ட அறையில் உட்காரவைத்து, முன்னால் ஒரு கோப்பைக் காப்பியை வைத்து, கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தார். "யோசிக்கட்டும். தனியாக இருக்க வேண்டிய நேரம்" என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் கோப்பையைத் தொடாமல் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது.

அவனுடைய பாஸ்போர்ட்டைப் பதிவுசெய்ய எடுத்தபோது பிறந்த ஊரைப் பார்த்தேன். புன்னைக்காயல். தாமிரபரணி கடலில் விழுகிற இடம். நான் அதே ஆற்றின் மேலே, ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்து வயற்காட்டு ஊர்க்காரன். எங்கள் வாய்க்காலில் புரண்டுவிட்டு மிச்சம் போகிற தண்ணீர் அவன் வீட்டு வாசலில்தான் உப்பாகிறது. கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன்.

"புன்னைக்காயலா தம்பி?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். இந்த அறையில் அந்தச் சொல் எப்படி வந்தது என்று அவனுக்குப் பிடிபட ஒரு கணம் ஆனது.

"ஆமா அண்ணாச்சி. நீங்க எங்கன?"

"ஸ்ரீவைகுண்டம் பக்கம்."

"அப்பம் ஆத்துக்காரவியளா" என்றான். நான் எதிரில் உட்கார்ந்தேன். அவனாகவே சொன்னான். "அம்மைக்கு நெஞ்சு அடைக்கின்னு சொல்லியிருக்காவ. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிட்டு. நாங்க அப்பம் நடுக்கடல்ல. தங்கச்சி அனுப்புன செய்தியே மறுநாள்தான் வந்திச்சி. மண் போட்டாச்சு அண்ணாச்சி. இனி போயி என்ன செய்ய?"

"போகணும்னு தோணலியா?"

"கப்பல்லயே கெடந்தா, அம்மை வீட்டுல குசினியில நிக்கான்னு நெனச்சிக்கிடலாம். வீட்டுக்குப் போனா எங்கன தேட?"

அப்பாவின் பதினாறாம் நாளில் பாயசத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்த நான் அவனுக்கு என்ன புத்தி சொல்ல முடியும்? அவன் முன்னால் இருந்த காப்பி ஆறிப்போயிருந்தது. அதை எடுத்துக்கொண்டு கிச்சனுக்குப் போனேன்.

குடுவையில் இருந்த பழைய காப்பியைக் கொட்டிவிட்டு இரண்டு மடங்கு பொடி போட்டு வடித்தேன். வடிந்ததை ஒரு ஜாடியில் ஊற்றி மைக்ரோவேவில் வைத்து மறுபடி மறுபடி கொதிக்கவிட்டேன். டீ நிறம் போய்க் கறுக்கிறவரை விடவில்லை. டின்னின் அடியில் கிடந்த பிப்பர்காக்குத் துண்டுகளை நொறுக்கி வெந்நீரில் ஊறவைத்து, காப்பி வடிகட்டும் தாளிலேயே வடித்துச் சேர்த்தேன். சீரப்பி பாட்டிலைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டுவரை ஊற்றினேன். மிளகுப் பொட்டலங்களைப் பல்லால் கிழித்துக் கொட்டினேன். இத்தனை நாளும் என் நாக்குக்காக விளையாட்டாகச் செய்துகொண்டிருந்த வேலை. அன்று ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பதம் பார்த்தேன். கிளம்பிய வாசனை நடைவழி முழுக்கப் பரவியது. யாரோ ஒருவர் தன் அறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். ஜாடியையும் இரண்டு கோப்பைகளையும் எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

"குடி தம்பி. ஒரு வாய் குடி."

அவன் கோப்பையை மூக்கருகே கொண்டுபோனான். அப்படியே வைத்துக்கொண்டிருந்தான். "துட்டி வீட்டுக் காப்பில்லா இது" என்றான். ஆனால் அழவில்லை. ஒரு மிடறு குடித்தான்.

அப்போது கதவைத் தட்டிவிட்டு மர்யத்தா உள்ளே வந்தார். டிக்கெட் விஷயமாகத்தான் வந்திருப்பார். அவன் முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டு, நேரே வந்து அவனிடம் கையை நீட்டி, தாழ்ந்த குரலில், "ஒட்டன் ஓஸா" என்றார். எப்போதும் வெளிநாட்டு மாலுமிகளிடம் தெளிவான ஆங்கிலம் பேசுகிறவர் அப்போது தன் மொழிக்குப் போய்விட்டார். என்னுடைய பின்னிஷ் மாலை வகுப்புப் பின்னிஷ். 'ஒட்டன்' என்றால் 'எடுத்துக்கொள்கிறேன்' என்று தெரியும், கடையில் காப்பி வாங்க முதலில் படித்த சொல் அதுதான். 'ஓஸா' என்றால் பங்கு. எனக்கும் கொஞ்சம் பங்கு கொடு என்று கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். அந்த வாசனைக்கு யார்தான் கேட்கமாட்டார்கள் என்றுகூட ஒரு பெருமை. என் கோப்பையை அவரிடம் நீட்டிவிட்டேன்.

மர்யத்தா கோப்பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மறுக்கத் தெரியாமல் வாங்கிக்கொண்டார். நின்றுகொண்டே குடிப்பது சரியில்லை என்று பட்டிருக்க வேண்டும், அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு பெரிய மிடறாகக் குடித்தார். மிளகு தொண்டையில் பிடித்து இருமல் கிளம்பியது. முகம் செக்கச் செவேலென்று ஆகி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அவியளுக்குக் காரம் தாங்கல அண்ணாச்சி" என்று ஜெனிஸ்டன் சிரித்தான். கப்பலில் செய்தி கிடைத்த நாளிலிருந்து அவன் சிரித்திருக்கமாட்டான். அந்தச் சிரிப்பு பாதியில் உடைந்தது. மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, "எம்மா, எம்மா" என்று அழ ஆரம்பித்தான். நான் எழுந்து போய் அவன் முதுகில் கையை வைத்தேன். மர்யத்தா எழுந்து வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன், இந்த ஊர் வழக்கம் அதுதான். கையில் சூடான கோப்பை இருந்ததாலோ என்னவோ, போகவில்லை. அவன் அழுது ஓயும்வரை, இருமலை அடக்கிக்கொண்டு, சிறுகச் சிறுகக் குடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் வீட்டுக்கு வீடியோவில் கூப்பிட்டான். தங்கை எடுத்தாள். பக்கத்தில் அவன் அப்பா. சங்கு குளிக்கப் போய்ப் போய் இரண்டு காதும் கேட்காமல் போன மனிதர். போனில் அவரிடம் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

"அப்பா ஒரு வாயும் சாப்பிடலண்ணே" என்றாள் தங்கை. "நாங்க சொல்லுதது எதுவும் காதுல விழ மாட்டேங்கி. ஒன் படத்தை வச்சிக்கிட்டே இருக்காவ."

கிழவர் திரைக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுவந்தார். காது கேளாதவர்களுக்கே உரிய உரத்த குரலில், "ஏலே, எப்பம் வார?" என்றார். ஜெனிஸ்டன் ஏதோ சொன்னான். அவர் உதட்டையே பார்த்துவிட்டு மறுபடி, "எப்பம் வார?" என்றார். அவன் சொல்வதை நிறுத்திவிட்டு, விரலால் தன் நெஞ்சைத் தொட்டு, பிறகு திரையில் தெரிந்த அவர் பக்கமாகக் காட்டினான். வருகிறேன் என்று. கிழவர் தலையை ஆட்டினார்.

போனை வைத்துவிட்டு, "டிக்கெட் எடுக்கச் சொல்லுங்க அண்ணாச்சி. அப்பாவுக்கு இங்கன இருந்துக்கிட்டு என்னத்தச் சொல்ல? பக்கத்துல போயித்தான் உக்காரணும்" என்றான். எதை மொழிபெயர்க்க வேண்டும் என்று நான் யோசிப்பதற்குள் மர்யத்தா எழுந்துவிட்டார். அவருக்கு அது எப்படியோ புரிந்திருந்தது.

கப்பலுக்குப் போய்த் தன் பையை எடுத்துவந்த அவனை டாக்ஸியில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, மர்யத்தா கிச்சனில் அந்த ஜாடியைக் கழுவிக்கொண்டிருந்தார். "அந்தக் காப்பியை எனக்கு ஏன் கொடுத்தீர்கள்?" என்று கேட்டார். "நீங்கள்தானே பங்கு கேட்டீர்கள்?" என்றேன். அவருக்குப் புரியவில்லை. அவர் சொன்னதை அவருக்கே திருப்பிச் சொன்னேன். குழாயை மூடினார். பிறகு நிதானமாக விளக்கினார். யாராவது இறந்துவிட்டால் அந்த வீட்டாரிடம் இங்கே சொல்வது அது. நானும் பங்கெடுத்துக்கொள்கிறேன், உன் துக்கத்தில்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. சிரிக்கவும் வந்தது. அவர் சிரிக்கவில்லை. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே, "உங்கள் அப்பா இறந்தபோது உங்கள் வீட்டுக்கு வர நினைத்தேன். உங்கள் தெருவரைக்கும் வந்தேன். ஜன்னலில் விளக்கு எரிந்தது. நீங்கள் தனியாக இருக்க விரும்புவீர்கள் என்று திரும்பிவிட்டேன்" என்றார்.

நீங்கள் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சொல்ல ஆசைப்பட்டேன். 'வந்திருந்தால்', 'இருந்திருக்கும்' என்று நடக்காமல் போனதைச் சொல்லும் வினைச்சொற்கள் எங்கள் மாலை வகுப்பில் இன்னும் வரவில்லை. எனக்குத் தெரிந்த 'கீத்தோஸ்' என்ற நன்றியை மட்டும் சொன்னேன். அவர் ஜாடியைத் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டுத் தன் மேசைக்குப் போனார். அதற்குப் பிறகும் எங்கள் அலுவலகத்தில் அவரவர் கோப்பையை அவரவர்தான் கழுவுகிறோம். ஒரே நாளில் ஊர் மாறிவிடாது. ஆனால் அடுத்த வாரம் அலமாரியில் புது சீரப்பி பாட்டில் ஒன்று இருந்தது. வாங்கி வைத்தது யார் என்று நான் கேட்கவில்லை.

ஜெனிஸ்டன் அம்மாவுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்தபிறகு ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தான். அப்பா இப்போது சாப்பிடுகிறார், மறுபடி கப்பலேற இன்னும் காலம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, "நம்மூர்க்காரவிய ஒருத்தவிய அங்கன எனக்குப் பக்கத்துல இருந்தாவன்னு அப்பாட்ட கையைக் காட்டிச் சொன்னேன். ஒங்களப் பாக்கணும்கிறாவ. அவியளுக்குத்தான் பேச்சு கேக்காதே, ஒரு படம் அனுப்புங்க அண்ணாச்சி" என்றான். மத்தியான இடைவேளையில் துறைமுகத்து ஓரமாக நடந்தேன். கடல் உறைந்து கரையோடு ஒன்றாகிக் கிடந்தது. வழியிலிருந்து தள்ளிய பனியை ஓரத்தில் குவியல் குவியலாகக் கூட்டி வைத்திருந்தார்கள். தடித்த கோட்டும் கம்பளித் தொப்பியுமாக அதன் நடுவில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பினேன்.

அலுவலகத்துக்குத் திரும்புவதற்குள் பதில் வந்துவிட்டது. "அப்பா பாத்தாவ அண்ணாச்சி. 'இது நம்ம தூத்துக்குடி முத்தையாபுரத்து உப்பளம்லா, வெள்ள வெளேர்னு உப்பு அம்பாரம் தெரியுதே. இங்கன நிக்கவர எதுக்குலே பின்லாந்துல இருக்காவன்னு சொல்லுத?'ன்னு என்னயத் திட்டுதாவ."

இல்லை, இது பனி என்று எழுதி அனுப்பப் போனேன். அதற்கு முன் அந்தப் படத்தை மறுபடி திறந்து பார்த்தேன். கண்ணுக்கெட்டியவரை வெள்ளைத் தரை, கூட்டிவைத்த வெள்ளைக் குவியல்கள், தூரத்தில் துறைமுகத்துக் கிரேன்கள். தூத்துக்குடி உப்பளத்தில், கழுத்துவரை கோட்டைப் பூட்டிக்கொண்டு, நடுங்கியபடி நான் நின்றுகொண்டிருந்தேன்.